கரிசல் சீமையில் பறந்த கொடிகள்

கோவில்பட்டி என்றவுடன் நம்மவருக்கு நினைவு வரும் பண்டங்கள் இரண்டு. ஒன்று தீப்பெட்டி, மற்றொன்று கடலை மிட்டாய். தீப்பெட்டி தேசம் முழுவதும் அடுப்பு மூட்டிப் பேர் வாங்கிவிட்டது. கடலை மிட்டாயோ 2020-ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடு பெற்று, பட்டம் வாங்கிய பிள்ளையைப் போல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஆனால் நாம் இந்தத் தடவை அவ்வூருக்குப் பிரயாணப்பட்டது இவ்விரண்டையும் உத்தேசித்தல்ல, கொடிகளை உத்தேசித்தே.

"கரிசல் காட்டில் கொடியா? பூசணிக் கொடியா, சுரைக் கொடியா?" என்று கேட்டார் கூட வந்த நண்பர்.

அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. டில்லிச் செங்கோட்டையிலும் சென்னைக் கோட்டையிலும் பறக்கும் கொடியைப் பற்றி எழுதுவோர் கோவில்பட்டிக்கு வரவேண்டிய அவசியம் என்ன? விஷயம் இதுதான். இந்தக் கறுத்த மண்ணில், கோவில்பட்டியை நடுவே வைத்துச் சுமார் ஐம்பது அறுபது கிலோமீட்டர் வட்டம் ஒன்று போட்டால், அதற்குள் பாண்டியர் கொடியிலிருந்து மூவர்ணக் கொடி வரையில் எத்தனையோ கொடிகளின் கதை அடங்கிவிடுகிறது. ஒரு கொடியை எதிர்த்துத் தூக்குமரம் ஏறியவர் இங்கே உண்டு. இல்லாத கொடியைக் கற்பனையில் ஏற்றிக் கைகூப்பிய கவி இங்கே உண்டு. கப்பலில் கொடி கட்டியதற்காகச் செக்கிழுத்தவரும் இங்கே உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, கொடி என்பது துணி. துணி என்பது பருத்தி. பருத்தி என்பது இந்தக் கரிசல்.

மண்ணும் பஞ்சும்

மதுரையிலிருந்து தெற்கே சாலை வழியாகச் சுமார் நூறு கிலோமீட்டர் வந்தால் கோவில்பட்டி. சாத்தூர் தாண்டியதுமே மண்ணின் நிறம் மாறிவிடுகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் வரையில் மேடு பள்ளம் அதிகமில்லாத கறுப்பு நிலம். இடையிடையே உடைமரங்களும் ஒற்றைப் பனைகளும். கோடையில் இந்த மண் பாளம் பாளமாக வெடித்து, காலை விட்டால் முழங்கால் வரை இறங்கும் பிளவுகளைக் காட்டும். மழை விழுந்ததோ இல்லையோ, அந்த வெடிப்பெல்லாம் ஊறிப் பருத்து மூடிக்கொண்டு, காலில் அப்பிய மண் செருப்பையே பிடுங்கிக்கொள்ளும். நீரை விழுங்கி நெடுநாள் வைத்திருப்பது இந்தக் களிமண்ணின் குணம். வருஷத்திற்கு ஏறக்குறைய எழுநூறு மில்லிமீட்டர் மழைதான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று கொண்டு வருவது. ஆற்றுப் பாசனம் கிடையாது. வானம் பார்த்த பூமி, மானாவாரிச் சாகுபடி. அப்படியிருந்தும் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசி என்று இந்த மண் குடியானவனைக் கைவிடாமல் காத்து வந்திருக்கிறது.

பருத்திக்குத்தான் இந்தச் சீமை பேர் பெற்றது. இங்கே விளைந்த கருங்கண்ணிப் பருத்தி 'திருநெல்வேலிப் பஞ்சு' என்று வெளிநாட்டுச் சந்தையில் பெயர் வாங்கியது. அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரையில் உள்நாட்டு யுத்தம் மூண்டு, அங்கிருந்து பஞ்சு வராமல் லங்காஷயர் ஆலைகள் தவித்தபோது, நம் கரிசல் பஞ்சுக்கு ஏகக் கிராக்கி ஏற்பட்டது. 1876-இல் தூத்துக்குடிக்கு ரயில் பாதை வந்தது. கரிசலில் எடுத்த பஞ்சு ரயிலேறித் துறைமுகம் போய்க் கப்பலேறியது. அதே துறைமுகத்தின் வழியாகச் சீமைத் துணி இறங்கியது. இந்தப் போக்குவரத்தில் லாபம் யாருக்கு என்பதைச் சொல்லவேண்டியதில்லை. 1901-ஆம் வருஷத்திலேயே கோவில்பட்டியில் சர்க்கார் ஒரு விவசாய ஆராய்ச்சிப் பண்ணை அமைத்தார்கள். அது இன்றும் நடந்து வருகிறது. பல பருத்தி ரகங்களை அது குடியானவர்களுக்கு வழங்கியிருக்கிறது.

மீனும் சேவலும்

இனிக் கொடிகளின் கதைக்கு வருவோம். கொடி ஐரோப்பியர் கொண்டுவந்த வழக்கம் என்று எண்ணுவோர் நம்மில் சிலர் இருக்கிறார்கள். தொல்காப்பியத்திலேயே கொடிநிலை என்று ஒரு துறை பேசப்படுகிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தின் கொடிகளைப் பார்க்கிறோம்: தெய்வத்துக்கு ஒரு கொடி, வாதுக்கு அழைக்கும் வித்துவான்களுக்கு ஒரு கொடி, துறைமுகத்து மரக்கலங்களில் ஒரு கொடி, கள்ளுக்கடையிலும் ஒரு கொடி! சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி.

கயற்கொடி பறந்த காலத்தைக் கண்ணால் காணவேண்டுமானால் கோவில்பட்டிக்கு மேற்கே சுமார் இருபது கிலோமீட்டரில் உள்ள கழுகுமலைக்குப் போகவேண்டும். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் ஆட்சியில், மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து எடுத்த ஒற்றைக்கல் கோயில் அங்கே இருக்கிறது. வெட்டுவான் கோயில் என்பார்கள். சிகரமும் அதிலுள்ள சிற்பங்களும் முடிந்திருக்க, அடிப்பாகம் முற்றுப் பெறாமலே நிற்கிறது. அதே பாறையின் மற்றொரு பக்கத்தில் வரிசை வரிசையாகச் சமண தீர்த்தங்கரர் உருவங்கள். அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி என்ற முருகப்பெருமான். சைவமும் சமணமும் கௌமாரமும் ஒரே மலையைப் பங்கு போட்டுக்கொண்டு, ஒன்றையொன்று இடித்துத் தள்ளாமல் இருக்கும் காட்சி மனத்துக்கு நிறைவளிக்கிறது.

பாண்டியன் கொடி போய்விட்டது. பிறகு வந்த விஜயநகரத்தாரின் வராகமும் போய்விட்டது. ஆனால் முருகனுடைய சேவற்கொடியும், கோவில்பட்டி செண்பகவல்லி அம்மன் சந்நிதியில் பூவனநாதருக்கு உற்சவத்தின்போது ஏறும் ரிஷபக் கொடியும் இன்னும் ஏறிக்கொண்டேயிருக்கின்றன. 'கொடி ஏறிவிட்டது' என்றால் திருவிழா ஆரம்பமாகிவிட்டது என்று அர்த்தம். கொடி ஏறிய பின், அது இறங்கும் வரையில் ஊர்க் கட்டுப்பாட்டை மீறி வெளியூரில் தங்கமாட்டேன் என்று சொல்லும் பெரியவர்கள் கிராமங்களில் இன்றும் உண்டு. ஏறிய கொடிக்குக் கட்டுப்படுவது என்ற உணர்ச்சி நம் ஜனங்களுக்குப் புதிதாகப் போதிக்க வேண்டிய பாடமல்ல என்பதை இதனால் அறிகிறோம்.

கடல் வழி வந்த கொடிகள்

கரிசல் பூமியின் கிழக்கு எல்லை கடல். அந்தக் கடல் வழியாகத்தான் ஐரோப்பியக் கொடிகள் வந்தன. முதலில் முத்துக்குளித்துறைக்குப் போர்ச்சுகீசியர் வந்தார்கள். அவர்களிடமிருந்து 1658-இல் தூத்துக்குடியை டச்சுக்காரர்கள் பறித்துக்கொண்டார்கள். இடையில் ஆங்கிலேயர் கைக்கு மாறிய சில காலம் தவிர, 1825 வரையில் அங்கே பறந்தது டச்சுக் கொடிதான்.

டச்சுக் கொடிக்கு ஒரு வேடிக்கையான சரித்திரம் உண்டு. ஸ்பெயின் அரசனை எதிர்த்து அந்த நாட்டார் கலகம் செய்தபோது, தலைவரான ஆரஞ்சு வம்சத்து வில்லியத்தின் நினைவாக அவர்கள் ஏற்றியது ஆரஞ்சு, வெள்ளை, நீலம் கொண்ட கொடி. பதினேழாம் நூற்றாண்டின் மத்தியில், அதாவது அவர்கள் தூத்துக்குடிக்கு வந்த காலத்தை ஒட்டி, ஆரஞ்சு மெல்ல மெல்லச் சிவப்பாக மாறிவிட்டது. எது சரியான நிறம் என்ற வாதம் தீராமலே இருந்து, 1937 பிப்ரவரியில் வில்ஹெல்மினா ராணி 'சிவப்பு, வெள்ளை, நீலம்' என்று உத்தரவு போட்டு முடித்துவைத்தார். இன்றும் அரச குடும்பத்து விழா நாட்களில் மூவர்ணத்தின்மேல் ஓர் ஆரஞ்சு நாடாவைக் கட்டிப் பறக்கவிடுகிறார்கள். மாகாணங்களுக்கும் தனித்தனிக் கொடி உண்டு. கடலோடு மல்லுக்கு நிற்கும் ஜீலாந்து மாகாணத்தின் கொடியில் அலைகளிலிருந்து ஒரு சிங்கம் எழுந்து வருகிறது. பிரீஸ்லாந்தின் கொடியில் ஏழு ஆம்பல் இலைகள். பார்ப்பவர்கள் அவற்றை இருதயம் என்றே நினைத்துக்கொள்வார்கள்.

நம் கடற்கரையில் வேறு ஐரோப்பியக் கொடிகளும் பறந்தன. தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரையில் டேனிஷ்காரரின் சிவப்புக் கொடியும் வெள்ளைச் சிலுவையும். 1219-ஆம் வருஷத்துப் போரொன்றில் அந்தக் கொடி வானத்திலிருந்து விழுந்தது என்று அந்நாட்டார் கதை சொல்லுகிறார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் கொடி. மன்னராட்சி நடந்த நாளில் வெள்ளை, புரட்சிக்குப் பின் மூவர்ணம்.

ஆங்கிலேயரின் 'யூனியன் ஜாக்'கோ ஒரு கூட்டுக் குடும்பத்தின் பாகப் பத்திரம் போன்றது. இங்கிலாந்தின் புனித ஜார்ஜுக்கு வெள்ளையில் சிவப்புக் கூட்டல் குறி. ஸ்காட்லாந்தின் புனித ஆண்ட்ரூவுக்கு நீலத்தில் வெள்ளைப் பெருக்கல் குறி. இரு ராஜ்யங்களுக்கும் ஒருவரே அரசரான பிறகு, 1606-இல் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துத் தைத்தார்கள். அயர்லாந்தைச் சேர்த்துக்கொண்டபோது அதன் பேரில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறியும் ஏறியது. அந்தப் புதிய கொடி 1801 ஜனவரி முதல் தேதியன்று அமலுக்கு வந்தது. 1922-இல் அயர்லாந்தின் பெரும்பகுதி பிரிந்து போயும், அந்தக் குறியை மட்டும் அவர்கள் எடுக்கவில்லை. இங்கிலாந்துடன் முன்பே இணைக்கப்பட்டுவிட்டபடியால் வேல்ஸ் நாட்டுக்கு அந்தக் கொடியில் இடமே கிடையாது. அவர்களுடைய சிவப்பு நாகம் 1959-இல்தான் அவர்களது கொடியாக அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது. ஒரு கொடியில் யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லை என்று பார்த்தால், அந்த நாட்டின் சரித்திரத்தில் பாதியைப் படித்தது போலத்தான்.

கிழக்கிந்தியக் கம்பெனியாருக்குக் கடலில் தனிக் கொடி ஒன்று இருந்தது. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள். மூலையில் யூனியன் சின்னம். வியாபாரிகள் கொடி கட்டிக்கொண்டு வந்து ராஜ்யம் கட்டிய கதையைத்தான் அடுத்தபடியாகக் கயத்தாற்றில் பார்க்கிறோம்.

தூக்குமரமும் ஆமணக்கு விதையும்

கோவில்பட்டிக்குத் தெற்கே, திருநெல்வேலிச் சாலையில் இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் கயத்தாறு. வரி கேட்ட கம்பெனியாரிடம் தலைவணங்க மறுத்த பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டியக் கட்டபொம்மன், 1799 அக்டோபர் 16-ஆம் தேதி இங்கேதான் ஒரு புளியமரத்தில் தூக்கிலிடப்பட்டார். மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து, அவர்கள் கண்முன்னே விசாரணை நடத்தித் தண்டனையை நிறைவேற்றினார் மேஜர் பானர்மன். மரத்தைக் காட்டி மற்றவர்களைப் பயமுறுத்துவது அவர் நோக்கம். இன்று அவ்விடத்தில் நிற்பது கட்டபொம்மன் சிலை. அவர் சரித்திரத்தை நடித்துப் புகழடைந்த சிவாஜி கணேசன் நிலம் வாங்கி நிறுவியது.

பாஞ்சாலங்குறிச்சி கிழக்கே, ஒட்டப்பிடாரத்தை அடுத்து இருக்கிறது. 1799 செப்டம்பர் 5-ஆம் தேதி கம்பெனிப் பட்டாளம் இந்த மண்கோட்டையைத் தாக்கிப் பலத்த நஷ்டத்துடன் திரும்பியது. அண்ணன் தூக்கிலிடப்பட்ட பின், பாளையங்கோட்டைச் சிறையிலிருந்த ஊமைத்துரை 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி தப்பி வந்தார். இடித்துத் தள்ளிய கோட்டையைச் சில நாட்களுக்குள் ஜனங்கள் திரும்ப எழுப்பிவிட்டார்கள். எதைக் கொண்டு? இந்தக் கரிசல் மண்ணையும் வைக்கோலையும் கொண்டு! மார்ச்சு மாதத்தில் வந்த படையெடுப்பும் தோற்றது. மே 24-இல் பெரிய பீரங்கிகளோடு வந்த கர்னல் அக்னியூவிடம்தான் கோட்டை விழுந்தது. ஊமைத்துரை அவ்வருஷம் நவம்பரில் தூக்கிலிடப்பட்டார்.

1801 ஜனவரியில் லண்டனில் புதுக்கொடி ஏறியது என்றோமல்லவா? அதே வருஷத்தில்தான் இங்கே கோட்டை விழுந்தது. கோட்டையைத் தரைமட்டமாக்கி, அந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று சொல்வதுண்டு. ஊரின் பெயரே பூமியில் இருக்கக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். ஆனால் கரிசல் மண்ணின் குணம் அவர்களுக்குத் தெரியவில்லை. அது விழுங்கியதை வைத்திருந்து பிறகுதான் கொடுக்கும். 1974-இல் தமிழக சர்க்கார் அங்கே ஒரு நினைவுக் கோட்டை கட்டினார்கள். ஜக்கம்மாள் கோயிலும் இருக்கிறது. பக்கத்திலேயே போரில் மடிந்த ஆங்கிலச் சிப்பாய்களின் கல்லறைகளும் இருக்கின்றன. அவற்றை யாரும் இடிக்கவில்லை. எங்கோ பிறந்து, எவர் லாபத்துக்கோ வந்து மடிந்த வாலிபர்கள் அவர்கள். அவர்களும் இந்த மண்ணில் அமைதியாக உறங்குகிறார்கள்.

கவி ஏற்றிய கொடி

கோவில்பட்டிக்குக் கிழக்கே சுமார் பதினைந்து கிலோமீட்டரில் எட்டயபுரம். கட்டபொம்மனுக்கு எதிராகக் கம்பெனியார் பக்கம் நின்ற பாளையம் அது. அதே ஊரில்தான் 1882 டிசம்பர் 11-ஆம் தேதி சுப்பிரமணிய பாரதி பிறந்தார். விதியின் விளையாட்டு என்பதா, அல்லது மண் தன் பழியைத் தானே துடைத்துக்கொண்டது என்பதா?

பாரதியார் 'தாயின் மணிக்கொடி' என்று கொடி வணக்கம் பாடிய நாளில், தேசத்துக்கு என்று ஒப்புக்கொள்ளப்பட்ட கொடி ஒன்றும் கிடையாது. 1906 ஆகஸ்டில் கல்கத்தாவில் ஒரு கொடி ஏறியது. 1907 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்தில் நடந்த சோஷலிஸ்டு மகாநாட்டில் மேடம் காமா ஒரு கொடியை விரித்துக் காட்டினார். இவற்றுக்கு முன்பே, விவேகானந்தரின் சிஷ்யை நிவேதிதா தேவி இந்திரனுடைய வச்சிராயுதத்தை நடுவில் வைத்து ஒரு கொடி அமைத்திருந்தார். தன் முதுகெலும்பையே ஆயுதமாகத் தந்த ததீசி முனிவரின் தியாகம்தான் வச்சிரம். நிவேதிதா தேவியைக் குருவாகக் கொண்டு நூல்களைச் சமர்ப்பணம் செய்தவர் பாரதியார். ஆகவே அவர் பாட்டில் வரும் பட்டுக்கொடியில் ஒரு புறம் வச்சிரமும், மறுபுறம் முஸ்லிம் சகோதரர்களின் இளம்பிறையும், நடுவே 'வந்தே மாதரம்' என்ற மந்திரமும் இருப்பதில் ஆச்சரியமில்லை. அந்தக் கொடியின்கீழ் தமிழ்ப் போர்வீரர் மட்டுமா நிற்கிறார்கள்? தேசத்தின் பல பிராந்தியத்தாரையும் அழைத்து வந்து அணிவகுத்து நிறுத்திவிடுகிறார் கவி. எந்தக் கொடியில் யாருக்கு இடமுண்டு என்று முன்பு கேட்டோமே, அந்தக் கேள்விக்கு எட்டயபுரத்தார் அளித்த பதில் இது.

1908 முதல் 1918 வரையில் பத்து வருஷம் அவர் புதுச்சேரியில் பிரெஞ்சு மூவர்ணத்தின் நிழலில் வாழ்ந்தார். ராட்டினம் பொறித்த கொடி தேசமெங்கும் பரவுமுன், 1921 செப்டம்பரில் காலமாகிவிட்டார். பாட்டிலிருந்த கொடியின் பெயரையே 1933-இல் ஒரு பத்திரிகை சூட்டிக்கொண்டு, தமிழில் புது இலக்கியம் வளர்த்தது. எட்டயபுரத்தில் அவருக்கு மணிமண்டபம் எழுப்பக் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி பத்திரிகை வாயிலாக வேண்டுகோள் விடுத்தபோது, தமிழ் ஜனங்கள் சிறு தொகைகளாக அனுப்பிய பணமே மண்டபமாயிற்று. 1945-இல் அஸ்திவாரக் கல் நாட்டிய ராஜாஜியே, சுதந்திரம் வந்த இரண்டாம் மாதத்தில், 1947 அக்டோபர் 13-ஆம் தேதி அதைத் திறந்துவைத்தார். மண்டபத்தின் முன் நின்றபோது, கொடி வருமுன் கொடியைப் பாடியவர் கொடி ஏறியதைப் பார்க்கவில்லையே என்ற ஏக்கம் எழாமல் இல்லை.

கப்பலில் ஒரு கொடி

பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்து ஊரான ஒட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5-ஆம் தேதி பிறந்தவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓட்டும் உரிமை ஆங்கிலக் கம்பெனிக்கே சொந்தம் என்றிருந்த நாளில், 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை ரிஜிஸ்தர் செய்தார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு இருபத்தைந்து ரூபாய். 1907-இல் 'காலியா', 'லாவோ' என்ற இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. 'வந்தே மாதரம்' என்ற எழுத்துக்களோடு அக்கப்பல்களில் கொடி பறந்த கதையைத் தூத்துக்குடியில் இன்றும் பெருமையோடு சொல்லுகிறார்கள்.

கம்பெனியாருக்குப் பயம் கொடியைக் கண்டு மட்டுமல்ல. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது, பிள்ளையவர்களும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். கரிசலின் பருத்தியை நூலாக்கும் ஆலைத் தொழிலாளியும், கப்பல் பங்கு வாங்கிய வியாபாரியும், தேசபக்த வக்கீலும் ஒரு பக்கமாக நின்றுவிட்டார்கள். மார்ச்சு 12-இல் கைது. ஜூலை 7-இல் இரட்டை ஆயுள் தண்டனை, அதாவது நாற்பது வருஷம். அப்பீலில் தண்டனை குறைந்தது. ஆனாலும் கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டப்பட்டார். 1912 டிசம்பரில் விடுதலையாகி வெளியே வந்தபோது, கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை.

பிற்காலத்தில் இழந்த வக்கீல் சன்னத்தைத் திரும்பப் பெற்று, அவர் சில வருஷம் தொழில் நடத்திய ஊர் இந்தக் கோவில்பட்டிதான். பிறகு தூத்துக்குடிக்குப் போனார். 1936 நவம்பர் 18-ஆம் தேதி அந்திம காலத்தில், தம்மைக் காங்கிரஸ் காரியாலயத்திற்குக் கொண்டுபோகச் சொல்லி, அங்கே உயிர் விட்டார். கடலில் பறக்கவிட்ட கொடியை இறக்கிவிட்டார்கள். அவர் மனத்தில் ஏறிய கொடி கடைசி மூச்சு வரையில் இறங்கவில்லை.

ராட்டினமும் சக்கரமும்

1917-இல் ஹோம் ரூல் இயக்கத்தார் வைத்த கொடியின் மூலையில் யூனியன் ஜாக்கும் இருந்தது. கேட்டது குடியேற்ற நாட்டு அந்தஸ்துதானே! 1921-இல் பெஜவாடாவில் பிங்கலி வெங்கய்யா சிவப்பும் பச்சையுமாக ஒரு கொடியைக் காந்தியடிகளிடம் கொடுத்தார். எல்லோரையும் குறிக்க வெள்ளையும், உழைப்பைக் குறிக்க ராட்டினமும் சேர்க்கச் சொன்னார் மகாத்மா. உலகத்துக் கொடிகளில் சிங்கம் உண்டு, கழுகு உண்டு, வாள் உண்டு. ஏழைக் கிழவியின் வீட்டு மூலையில் கிடக்கும் ராட்டினத்தைக் கொண்டுபோய் ஒரு பெரிய தேசத்தின் கொடியில் வைத்தது நம் நாட்டில்தான். 1923-இல் நாகபுரியில் கொடி சத்தியாக்கிரகம். 1931-இல் காவி, வெள்ளை, பச்சை. 1932 ஜனவரியில் திருப்பூரில் அடிபட்டு விழுந்தும் கொடியை விடாத குமரன். அதே மாதம் 26-ஆம் தேதி சென்னைக் கோட்டைக் கொடிமரத்தில் ஏறி மூவர்ணத்தைக் கட்டிவிட்டு வந்தார் ஆர்யா பாஷ்யம்.

1947 ஜூலை 22-இல் அரசியல் நிர்ணய சபை இன்றைய கொடியை ஏற்றது. ராட்டினத்தின் இடத்தில் இருபத்து நான்கு ஆரங்கள் கொண்ட அசோக சக்கரம் வந்தது. ராட்டினம் போய்விட்டதே என்று வருந்தியவர்கள் உண்டு. ஆனால் அது முழுவதும் போய்விடவில்லை. படத்திலிருந்து இறங்கித் துணிக்குள் புகுந்துகொண்டது. கொடித்துணி கையால் நூற்றுக் கையால் நெய்த கதராகவே இருக்கவேண்டும் என்பது விதியாயிற்று. நம் தேசத்தின் தர நிர்ணயப் பட்டியலில் 1 என்ற எண் எதற்குத் தெரியுமா? தேசியக் கொடிக்குத்தான்.

எந்தத் துணியில்?

இங்கேதான் கரிசல் காட்டுக்கும் கொடிக்கும் உள்ள கணக்கு இன்னும் தீரவில்லை. 2021 டிசம்பர் 30-ஆம் தேதி கொடி விதிகளைத் திருத்தி, இயந்திரத்தில் செய்த கொடிக்கும் பாலியெஸ்டர் துணிக்கும் அனுமதி கொடுத்தார்கள். மறு வருஷம் ஆகஸ்டில் வீடுதோறும் கொடி ஏற்றும் இயக்கம் நடந்தது. மலிவான கொடி ஏராளமாகக் கிடைத்தபடியால் குடிசைகளிலும் கொடி ஏறியது, அது சந்தோஷமே. கொடி மாளிகைக்காரருக்கு மட்டும் சொந்தமல்ல. ஆனால் கர்நாடகத்தில் ஹூப்ளியை அடுத்த பெங்கேரியில், தர முத்திரையுடன் கதர்க் கொடி தைத்து வரும் கதர்ச் சங்கத்தார் இந்தத் திருத்தத்தை ஆட்சேபித்தார்கள். அங்கே நூற்பவரும் நெய்பவரும் தைப்பவரும் பெரும்பாலும் பெண்கள். அந்தப் பிரதேசமும் நம்முடையதைப் போலக் கரிசல் பூமிதான்.

எட்டயபுரம் சாலையோரத்தில் ஒரு பெரியவர் மக்காச்சோளக் கதிர்களைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, பருத்தி போடுவதில்லையா?" என்று கேட்டோம்.

"எங்க அய்யா காலத்திலே இந்தக் காடெல்லாம் பருத்திதான் ஐயா. இப்போ எடுக்க ஆள் இல்லை. எடுப்புக் கூலி கொடுத்தா வித்த பணம் சரியாப் போகுது. மக்காச்சோளம்னா ஒரே தடவையிலே அறுத்துப் போட்டுடலாம்" என்றார். பிறகு சிறிது நேரம் யோசித்து, "ஆனா சோளத்தை உடுத்த முடியாதே!" என்று சிரித்தார்.

அவர் சிரித்துச் சொன்னதில் சிந்திக்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஒரு காலத்தில் இந்த மண்ணின் பஞ்சு கப்பலேறிப் போய், துணியாகத் திரும்பி வந்து, நம்மை அடிமையாக்கியது. அந்த அடிமைத்தனத்தை அறுப்பதற்காகவே பருத்தியும் ராட்டினமும் கொடியில் ஏறின. இன்று சுதந்திரக் கொடிக்குப் பருத்தி வேண்டியதில்லை என்று ஆனால், விதியை மீறியதாகாது. ஆனால் நினைவை இழந்ததாகும். கட்டபொம்மனும் ஊமைத்துரையும் மண்ணுக்காக நின்றார்கள். பாரதி அந்த மண்ணின் ஜனங்களை ஒரு கொடிக்கீழ் நிறுத்தினார். சிதம்பரம் பிள்ளை அந்த ஜனங்களின் தொழிலுக்காகக் கொடி கட்டினார். மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் சரடு எது என்று பார்த்தால், அது நூல்தான்.

நேயர்கள் வீட்டில் வருகிற ஆகஸ்டு 15-ஆம் தேதி கொடி ஏற்றுவார்கள். குழந்தைகள் கொடியைப் பிடித்துப் பார்த்து, "இது எதில் செய்தது?" என்று கேட்பார்கள். ஒரு கதர்க் கொடியை வாங்கி வைத்திருந்தால், அது ஒரு வருஷத்தில் குப்பைக்குப் போகாது. துவைத்து மடித்துப் பத்து வருஷம் வைத்திருக்கலாம். குழந்தையின் கேள்விக்கும் சுலபமாகப் பதில் சொல்லலாம்: "மழை பெய்தால் ஊறும், வெயில் அடித்தால் வெடிக்கும் ஒரு கறுப்பு மண் இருக்கிறது, அதில் முளைத்தது இது" என்று.